தரையூடுருவும் ராடார்: தோண்டும் முன் மண்ணுக்குள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது?

வாரணாசியின் ஞானவாபி வளாகத்தில் 2023இல் இந்தியத் தொல்லியல் துறை ஆய்வு நடத்தியது. அடுத்த ஆண்டே மத்தியப் பிரதேசத்தின் தார் நகரில் உள்ள போஜ்சாலை வளாகத்தையும் ஆராயும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு செய்திகளிலும் ஒரு கருவியின் பெயர் அடிக்கடி அடிபட்டது: ஜிபிஆர், அதாவது தரையூடுருவும் ராடார். நிலத்துக்கு எக்ஸ்ரே எடுக்கும் கருவி என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு எலும்பாகவே தெரியும். ராடார் படத்தில் சுவர் சுவராகத் தெரியாது. மண்ணின் தன்மை எந்த இடத்தில், எந்த ஆழத்தில் மாறுகிறது என்பதை மட்டுமே ராடார் பதிவு செய்கிறது. அந்த மாற்றத்துக்குக் காரணம் சுவரா, வேரா, பழைய சாக்கடையா, பாறை வெடிப்பா என்று முடிவு செய்வது மனிதர்கள். அந்த முடிவு சரியா என்று சொல்ல வேண்டியது அகழாய்வுக் குழி.

இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் ராடார் பற்றிய செய்திகளில் பாதிக்கு மேல் தானாகவே தெளிவாகிவிடும். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அலை போகிறது, திரும்பி வருகிறது

கருவி பார்க்க எளிமையானது. தரையை ஒட்டி நகரும் ஒரு பெட்டிக்குள் ஆன்டெனா இருக்கும். அதை வண்டியில் வைத்துத் தள்ளலாம், கயிறு கட்டி இழுக்கலாம், டிராக்டரின் முன்னால் பொருத்தியும் ஓட்டலாம். ஆன்டெனா மிகக் குறுகிய ரேடியோ துடிப்புகளை மண்ணுக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். மண்ணின் தன்மை திடீரென மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பி வரும், மீதி கீழே போகும். திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு வலுவோடு வந்தது என்ற இரண்டை மட்டுமே கருவி குறித்துக்கொள்கிறது.

நேரத்தை அளப்பது நானோ நொடியில், அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கில். காற்றில் இந்த அலை ஒரு நானோ நொடிக்கு 30 செ.மீ. போகும். உலர்ந்த மணலில் அது சுமார் 15 செ.மீ. ஆகக் குறையும். ஈரமான மண்ணில் 6, 7 செ.மீ.தான். வேகத்தைத் தீர்மானிப்பது விடுதிறன் (permittivity) என்ற மின்பண்பு. அது கூடினால் அலையின் வேகம் குறையும். காற்றுக்கு அதன் மதிப்பு 1, உலர்ந்த மணலுக்கு 3 முதல் 5, தண்ணீருக்கு ஏறத்தாழ 80. மண்ணில் கொஞ்சம் ஈரம் கூடினாலே வேகம் எவ்வளவு குறையும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

இதன் விளைவு என்ன? அலை போய்வர 20 நானோ நொடி ஆனதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 10 நானோ நொடி. மண்ணில் வேகம் 10 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால் பொருள் 1 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. உண்மையில் மண் ஈரமாக இருந்து வேகம் 7 செ.மீ.தான் என்றால் ஆழம் 70 செ.மீ. அகழாய்வில் 30 செ.மீ. வித்தியாசம் சில நூற்றாண்டுகளின் வித்தியாசமாகவே ஆகிவிடலாம். ஆகவே ராடார் அறிக்கையில் வரும் ஆழம் எல்லாம் கணக்கிட்ட ஆழம்தான். நேரடியாக அளந்த ஆழம் அல்ல.

அலை திரும்ப வேண்டுமென்றால் இரண்டு பொருள்களுக்கு இடையே விடுதிறனில் வேறுபாடு இருக்க வேண்டும். மண்ணில் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஈரம். மணலில் புதைந்த கருங்கல் அடித்தளம் நன்றாகத் தெரியும். அதே ஊர் மண்ணைக் குழைத்துக் கட்டிய மண்சுவர் இடிந்து அதே மண்ணில் புதைந்து கிடந்தால், தொல்லியலாளருக்கு அது எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் ராடாருக்கு அது பெரும்பாலும் இல்லாதது போலத்தான். "ராடாரில் ஒன்றும் தெரியவில்லை" என்பதற்கும் "அங்கே ஒன்றும் இல்லை" என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

திரையில் உண்மையில் தெரிவது

ஒரு நேர்கோட்டில் ஆன்டெனாவை இழுத்துக்கொண்டு போனால் திரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் வரும். புதைந்த கல் ஒன்றைக் கடந்தால், கவிழ்த்த வில் போல ஒரு வளைவு தோன்றும். கல் அப்படி வளைந்து இருப்பதால் அல்ல. ஆன்டெனா அனுப்பும் அலை நேர்கீழே மட்டும் போகாமல் முன்னும் பின்னும் விரிந்து போகிறது. கல்லுக்கு நேர்மேலே வருவதற்கு முன்பே சாய்வாகப் போன அலை அதைத் தொட்டுத் திரும்பிவிடும். சாய்வான பாதை நீளமானது, எனவே கல் கூடுதல் ஆழத்தில் இருப்பதாகப் பதிவாகும். ஆன்டெனா நெருங்க நெருங்க அந்தக் கோடு மேலேறி, நேர்மேலே வரும்போது உச்சியைத் தொட்டு, கடந்ததும் மீண்டும் இறங்கும். வளைவின் உச்சிதான் கல்லின் உண்மையான இடம்.

இந்த வளைவு வெறும் இடையூறு என்று நினைத்துவிடக் கூடாது. அதன் இரு கால்களும் எவ்வளவு செங்குத்தாக இறங்குகின்றன என்பதை வைத்து, அந்த மண்ணில் அலையின் வேகத்தைக் கணக்கிடலாம். ஆழக் கணக்கின் பிழையைக் குறைக்க ஆய்வாளர்கள் முதலில் நாடுவது இதைத்தான்.

ஒற்றைக் கோட்டை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. இடத்தை இணைகோடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் ஆன்டெனாவை ஓட்டி, எல்லாவற்றையும் கணினியில் அடுக்க வேண்டும். அப்புறம் குறிப்பிட்ட ஆழத்தில் கிடைமட்டமாக வெட்டிப் பார்த்தால் மேலிருந்து பார்க்கும் வரைபடம் கிடைக்கும். இதை ஆழத்துண்டு என்று சொல்லலாம். வரிசையாகப் பல கோடுகளில் வந்த வளைவு உச்சிகள் ஒரே நேர்கோட்டில் அமைந்தால், அது சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். இயற்கை செங்கோணத்தில் திரும்புவது அரிது. அதனால் வலுவான ஒற்றைப் புள்ளியைவிட, மங்கலாக இருந்தாலும் ஒழுங்கான வடிவத்தையே அனுபவமுள்ளவர்கள் நம்புவார்கள்.

கோடுகளுக்கு இடையிலான தூரமும் முக்கியம். ஒரு மீட்டர் இடைவெளி விட்டால், அரை மீட்டர் விட்டமுள்ள குழி ஒன்று இரண்டு கோடுகளுக்கும் நடுவில் தப்பிவிடலாம்.

ஆழமும் தெளிவும் ஒன்றாகக் கிடைக்காது

1. அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். தொல்லியலில் பெரும்பாலும் பயன்படுவது 200 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை. அலை ஒரு நானோ நொடிக்கு 10 செ.மீ. போகும் மண்ணில் 400 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 25 செ.மீ. மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு பரப்புகளைத் தனித்தனியாகக் காண, அவற்றுக்கிடையே அலைநீளத்தில் கால் பங்காவது, அதாவது சுமார் 6 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நாணயம், மணி, பானை ஓடு போன்றவற்றை ராடார் வைத்துத் தேட முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

2. களிமண் இந்தக் கருவியின் பெரிய எதிரி. களிமண் மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும் மண்ணில் அலையின் ஆற்றல் சீக்கிரம் கரைந்துவிடும். உலர்ந்த மணலில் பல மீட்டர் இறங்கும் அதே ஆன்டெனா, ஈரக் களிமண்ணில் ஒரு மீட்டரைக்கூட எட்டாமல் போகலாம். உப்புநீர் ஊறிய மண்ணில் கேட்கவே வேண்டாம்.

3. உலோகத்தில் பட்ட அலை கிட்டத்தட்ட முழுமையாகத் திரும்பிவிடும். அதற்குக் கீழே இருப்பது மறைந்துபோகும்.

4. காலத்தை ராடார் சொல்லாது. ஆயிரம் ஆண்டுப் பழைய செங்கல் அடித்தளமும் ஐம்பது ஆண்டுப் பழைய செங்கல் அடித்தளமும் ஒரே மாதிரி அலையைத் திருப்பலாம். யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்பதையும் அது சொல்லாது.

ராடார் சிறப்பாக வேலை செய்யும் இடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு எல் சால்வடோர் நாட்டின் செரேன். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, அந்த ஊரின் மேல் ஐந்து மீட்டர் அளவுக்குச் சாம்பல் படிந்தது. தளர்ந்த சாம்பலுக்கும் அதன் கீழே இறுகிய களிமண் தரைக்கும் வேறுபாடு கூர்மையாக இருந்ததால், வீட்டுத் தரைகளைத் தோண்டும் முன்பே அடையாளம் காண முடிந்தது.

நார்வே: எங்கே தோண்டுவது என்று ராடார் சொன்ன கதை

தென்கிழக்கு நார்வேயில் யெல்லெஸ்டாட் என்ற இடத்தில் ஒரு விவசாயி தன் வயலில் வடிகால் அமைக்க அனுமதி கேட்டார். பக்கத்திலேயே பெரிய பழங்காலப் புதைமேடு ஒன்று இருந்ததால், அனுமதிக்கு முன் வயலை ராடார் வைத்துப் பார்த்தார்கள். 2018இல் நார்வே பண்பாட்டு மரபு ஆராய்ச்சி நிறுவனம் வண்டியில் பொருத்திய ராடாரை அங்கே ஓட்டியது. மேல்மண்ணுக்கு அரை மீட்டர் கீழே, ஏறத்தாழ 20 மீட்டர் நீளத்தில், இரு முனையும் கூர்ந்த கப்பல் வடிவம் தெரிந்தது. அதைச் சுற்றி, உழுது உழுது மேலே தடமே இல்லாமல் போன புதைமேடுகளின் வட்டங்களும் நீண்ட வீடுகளின் அடையாளங்களும் தெரிந்தன.

இங்கே பாராட்ட வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். கப்பல் கிடைத்துவிட்டது என்று வயல் முழுவதையும் உடனே பிளக்கவில்லை. 2019இல் சிறிய சோதனைக் குழி மட்டும் வெட்டி, மரத்தின் நிலையைப் பார்த்தார்கள். கப்பலின் அடிமரம் பூஞ்சையால் கடுமையாக அரிக்கப்பட்டிருந்தது. விட்டுவைத்தால் மிச்சமும் போய்விடும் என்பது அப்போதுதான் உறுதியானது. அதன் பிறகே அரசு நிதி ஒதுக்கியது. 2020இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் முழு அகழாய்வைத் தொடங்கியது. இறந்தவரைக் கப்பலோடு புதைத்த வைகிங் காலக் கப்பல் அடக்கம் ஒன்றை நார்வேயில் முழுமையாக அகழ்ந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அகழாய்வில் மரம் பெரும்பாலும் மட்கிப்போயிருந்தது தெரிந்தது. பழைய காலத்திலேயே கொள்ளையர்களும் தோண்டிப் பார்த்திருந்தார்கள். மிஞ்சியது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளும் மண்ணில் பதிந்த மரத்தின் தடமும். ஒவ்வொரு ஆணியும் இருந்த இடத்தைத் துல்லியமாகப் பதிவு செய்து, அதிலிருந்து கப்பலின் வடிவத்தை மீட்க வேண்டியிருந்தது. ராடார் இடத்தையும் வடிவத்தையும் ஆழத்தையும் சரியாகச் சொன்னது. மரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குழிதான் சொன்னது. இரண்டும் தத்தம் வேலையைச் செய்தன.

எகிப்து: சுவருக்குப் பின்னால் அறை இருந்ததா?

மன்னர்களின் பள்ளத்தாக்கில் எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறையின் வடக்குச் சுவருக்குப் பின்னால் மறைந்த அறைகள் இருக்கலாம், அங்கே அரசி நெஃபெர்டிட்டி அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம் என்று 2015இல் நிக்கோலஸ் ரீவ்ஸ் என்ற எகிப்தியல் அறிஞர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அந்த ஆண்டின் இறுதியில் ஜப்பானிய ராடார் நிபுணர் ஹிரோகாட்சு வதானபே சுவர்களை ஆராய்ந்தார். மறைந்த அறை இருப்பது 90 விழுக்காடு உறுதி என்று அன்றைய தொல்பொருள் அமைச்சர் அறிவித்தார். 2016 மார்ச்சில் வந்த அறிவிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது: சுவருக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறது, உலோகமும் உயிர்மப் பொருளும்கூட இருக்கலாம்!

இந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ராடார் அலைக்கு வேதியியல் தெரியாது. மரமா, எலும்பா, துணியா என்று பிரித்துச் சொல்லும் தகவல் எதுவும் திரும்பி வரும் அலையில் இல்லை. உலோகம் இருந்தால் வலுவான பதிவு வரும், உண்மை. ஆனால் வலுவான பதிவு எல்லாம் உலோகத்தால் வந்தது அல்ல. அறிவிப்பு வந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

அதே 2016இல் நேஷனல் ஜியோகிராஃபிக் சார்பில் நடந்த இரண்டாவது ராடார் ஆய்வில் அந்த அறைகள் தெரியவில்லை. இரண்டு ஆய்வுகளும் முரண்பட்டதால், இத்தாலியின் தூரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்கோ போர்ச்செல்லி தலைமையில் மூன்றாவது ஆய்வு 2018 தொடக்கத்தில் நடந்தது. வெவ்வேறு அதிர்வெண்களில் பல கருவிகளை வைத்துப் பார்த்தார்கள். இயற்கைப் பாறை முடிந்து மனிதர் எழுப்பிய அடைப்புச் சுவர் தொடங்கும் இடம் என்று ஒன்று இருந்தால் அங்கே தெளிவான முறிவு தெரிய வேண்டும். தெரியவில்லை. வாசல் நிலையின் விளிம்போ, அறையின் தட்டையான சுவரோ அலையைத் திருப்பியதற்கான தடமும் இல்லை. மறைந்த அறை இல்லை என்று 2018 மே மாதம் எகிப்து அரசே அறிவித்தது.

மூவாயிரம் ஆண்டுப் பழைய ஓவியம் தீட்டிய சுவர் அது. முதல் ஆய்வை நம்பி அதில் ஒரு துளை போட்டிருந்தால் அந்த இழப்பைச் சரிசெய்ய வழியே இருந்திருக்காது. மறு ஆய்வு நடந்தது பெரிய ஆறுதல்.

அயோத்தி: 184 பிறழ்வுகளும் அவற்றின் கணக்கும்

ராடார் அறிக்கைகளில் பிறழ்வு என்று ஒன்று வரும். சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபட்ட பதிவு கிடைத்த இடம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அயோத்தி வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு உத்தரவிட்டபடி டோஜோ விகாஸ் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் ராடார் ஆய்வு செய்து, 2003 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அரை மீட்டர் முதல் ஐந்தரை மீட்டர் வரையான ஆழத்தில் 184 பிறழ்வுகள். அவை தூண்கள், அடித்தளச் சுவர்கள், கல் பாவிய தரை போன்ற கட்டுமானங்களோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்றது அறிக்கை. அவற்றின் உண்மையான தன்மையை அகழாய்வுக் குழி வெட்டித்தான் உறுதிசெய்ய வேண்டும் என்றும் அந்த அறிக்கையே தெளிவாகச் சொன்னது. செய்திகளில் காணாமல் போவது எப்போதும் இந்த இரண்டாவது வாக்கியம்தான்.

நீதிமன்றம் மார்ச் 5 அன்று அகழாய்வுக்கு உத்தரவிட்டது. ஒரு வாரத்தில் இந்தியத் தொல்லியல் துறை வேலையைத் தொடங்கி ஆகஸ்ட் வரை தோண்டியது. அதன் அறிக்கையின்படி, 184 பிறழ்வுகளில் 39 உறுதியாயின. 74 இடங்களில் ராடார் சொன்ன இடத்திலும் ஆழத்திலும் எதுவும் கிடைக்கவில்லை. மற்றவை அகழ முடியாத இடங்களில் இருந்தன. கிடைத்த கட்டுமானங்கள் எவை, எந்தக் காலத்தவை என்பது பற்றிய வாதங்கள் நீதிமன்றத்தில் நெடுங்காலம் நடந்தன. அந்த வாதங்களுக்கு ராடாரில் விடை கிடையாது. நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: சோதித்துப் பார்த்த பிறழ்வுகளில் உறுதியானவற்றைவிட உறுதியாகாதவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கள் கட்டியும் இடித்தும் நிரப்பியும் வாழ்ந்த மேட்டில் இப்படி ஆவது வியப்பல்ல. எத்தனை பொருந்தின, எத்தனை பொருந்தவில்லை என்று எண்ணிக்கையோடு எழுதிவைத்தது மிக நல்ல காரியம். எல்லா அகழாய்வு அறிக்கையிலும் இந்தக் கணக்கு இருந்தாக வேண்டும்.

தோண்டாமலே விடுவதற்கும் ராடார்

இத்தாலியில் ரோமுக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் ஃபலேரி நோவி என்ற ரோமானிய நகரம் புதைந்து கிடக்கிறது. மதிலுக்குள் 30.5 ஹெக்டேர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் நான்கு சக்கர வண்டியின் பின்னால் ராடார் தொகுதியை இழுத்து, 6.25 செ.மீ. இடைவெளியில் நகரம் முழுவதையும் பதிவு செய்து 2020இல் வெளியிட்டார்கள். குளியல் மண்டபம், சந்தை, கோயில், தெருக்கள், கட்டடங்களுக்கு அடியில் ஓடும் நீர்க்குழாய்கள் எல்லாம் வரைபடத்தில் வந்துவிட்டன. வீட்டுமனைகளுக்கு அடியிலேயே குழாய்கள் போவதால், நகரத்தைக் கட்டும் முன்பே நீர் வழங்கலைத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு குழிகூட வெட்டாமல் கிடைத்த அறிவு இது. ஆனால் ஒவ்வொரு ஹெக்டேரையும் படித்துக் குறிக்க மனித உழைப்பாகச் சுமார் 20 மணி நேரம் தேவைப்பட்டது.

நம் மண்ணில்?

தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் கீழடியில் ஐந்தாம் கட்ட அகழாய்வை நடத்தியபோது ராடார், நிலத்தின் காந்தப் புலத்தில் வரும் சிறு மாற்றங்களை அளக்கும் காந்தமானி, ட்ரோன் படங்கள் என்று பல வழிகளையும் கையாண்டது. பல கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் சரியான முறை. வைகைக் கரையில் மணலும் களியும் மாறிமாறிப் படிந்திருப்பதால், ராடாருக்கு ஓர் அடுக்கு வழிவிடும், அடுத்தது தடுக்கும். உலையும் சுட்ட செங்கல்லும் இருக்கும் இடத்தில் காந்தமானி நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் சூடேறி ஆறிய மண் காந்தத் தன்மையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு கருவியும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே குழி போடத் துணியலாம். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல் போன்ற உலர்ந்த நிலம் ராடாருக்கு ஏற்றது. காவிரிப் படுகையின் ஈரக் களியில் அதே கருவியிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது.

குழி போடுவதிலும் ஒரு முறை உண்டு. பிறழ்வு நீளவாக்கில் தெரிந்தால் அதைக் குறுக்காக வெட்டும்படி முதல் குழியைப் போடுவார்கள். சுவர் என்றால் அதன் இரு முகமும், அதையொட்டிய மண்ணடுக்குகளும் குழியின் பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும். அப்புறம், ராடாரில் ஒன்றுமே தெரியாத ஓரிடத்திலும் கட்டாயம் ஒரு குழி போட்டு, மனிதர் கைபடாத கன்னிமண் வரை இறங்க வேண்டும். கருவி எதைத் தவறவிட்டது என்பதை அறிய வேறு வழி இல்லை.

அடுத்து ஒரு ராடார் செய்தி வந்தால் கேட்டுப் பார்க்க வேண்டியவை:

1. அந்த இடத்து மண் எது, ஆய்வு நடந்தபோது எவ்வளவு ஈரமாக இருந்தது?

2. எந்த அதிர்வெண், கோடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம்?

3. ஆழத்தைச் சொல்கிறார்கள் என்றால் அலையின் வேகத்தை எப்படிக் கணக்கிட்டார்கள்?

4. வேறொரு முறையும் அதே இடத்தைக் காட்டியதா? குழி வெட்டிச் சோதித்தார்களா?

5. மூலத் தரவு வெளியாகுமா? வழக்கு நடக்கும் இடங்களில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ஒரு முறை தோண்டிய அடுக்கு திரும்ப வராது. ராடார் ஆய்வை எத்தனை முறை செய்தாலும் இடத்துக்குச் சேதம் இல்லை. துட்டன்காமன் கல்லறையில் நடந்ததுபோல முதல் குழுவோடு தொடர்பில்லாத இன்னொரு குழு அதே இடத்தை வேறு கருவியால் பார்க்கவும், முதல் குழுவின் தரவைத் தானே படித்துப் பார்க்கவும், ஆய்வுக்கு உத்தரவிடும் நீதிமன்றம் அந்த உத்தரவிலேயே வழி செய்யலாம்.